பஃபரைப் பெரிதாக்கியும் ஜேசன் பாதியில் அறுவது ஏன்?
வேறு கணினியிலிருந்து வரும் ஜேசன் (JSON, தரவை எழுதும் உரை வடிவம்) பாதியில் அறுகிறது, பஃபரை (வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) பெரிதாக்கியும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். 8192 பைட்டை 65536 ஆக்கினாலும் ஜேசன் அறுந்துதான் வரும். சிக்கல் பஃபர் அளவில் இல்லை. டிசிபிக்கு (TCP, கணினிகள் தரவைப் பரிமாறும் நெறிமுறை) செய்தி என்ற ஒன்றே தெரியாது, வெறும் பைட் ஓட்டம்தான். ரிசீவுக்கு (recv, தரவைப் பெறும் கட்டளை) நீங்கள் கொடுக்கும் எண் உச்சவரம்பு மட்டுமே. அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததைத்தான் அது தரும்.

ஒரே கணினிக்குள் ஓட்டினால் சரியாக வருகிறது என்கிறீர்களே, அதுவே தடயம். நெட்வொர்க்கில் போகும்போதுதான் தரவு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிகிறது. ஈதர்நெட் பாக்கெட்டில் 1500 பைட். தலைப்புகளுக்கு 40 போனால் மிச்சம் 1460. ஒவ்வொரு ரிசீவுக்குப் பிறகும் வந்த பைட் எண்ணிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். 1460, 1448 (தலைப்பில் நேரக்குறிப்பும் சேர்ந்தால்) அல்லது அவற்றின் மடங்குகள் தென்பட்டால் காரணம் இதுதான்.

1. அனுப்பும்போது செய்திக்கு முன் அதன் நீளத்தை 4 பைட் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசை) எண்ணாக வையுங்கள்.

2. பெறும்போது முதலில் அந்த 4 பைட்டும் சேரும்வரை லூப் ஓடட்டும். அதுவும் இரண்டாகப் பிரிந்து வரக்கூடும்! பிறகு நீளத்துக்கு எவ்வளவு பாக்கியோ அவ்வளவு மட்டும் கேளுங்கள். கூடுதலாகக் கேட்டால் அடுத்த செய்தியின் தலையையும் விழுங்கிவிடுவீர்கள்.

3. 0 பைட் வந்தால் மறுமுனை மூடிவிட்டது. லூப்பை நிறுத்தாவிட்டால் முடிவில்லாமல் சுற்றும்.

நீளத்தை எழுத்தில் எண்ணாதீர்கள், என்கோட் செய்தபின் (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றியபின்) பைட்டில் எண்ணுங்கள். யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறிமுறையில் 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட். நீளத்துக்கு ஒரு வரம்பும் வையுங்கள், 1 எம்பி என்பதுபோல. இல்லையென்றால் தப்பான ஒரு எண் வந்தாலே நினைவகம் காலி.

இதெல்லாம் டிசிபிக்கு மட்டும். தரவைத் தனித்தனிச் செய்திகளாக அனுப்பும் யுடிபி (UDP) நெறிமுறையில் பஃபர் அளவு உண்மையிலேயே முக்கியம்: சிறியதாக இருந்தால் மிச்ச பைட்டுகள் திரும்ப வரவே வராது.