சோக்கை எடுத்தால் அணைகிறதா?

கேள்வி: அப்பாவின் 2008 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் எட்டு மாதமாகத் தொழுவத்தில் நின்றது. இப்போது சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். நானே கழட்டிக் கழுவலாமா?
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி, தாராளமாகக் கழுவலாம். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன், நிறுத்திப்போட்ட வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இந்தக் கோளாறைத்தான்.

சோக் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அது இருந்தால்தான் ஓடும் என்றால், ஐடிலிங்குக்கு, அதாவது ஆக்ஸிலேட்டர் திருகாமல் இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கு, பெட்ரோல் போதவில்லை. அதைக் கொடுப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் கருப்பட்டிப் பாகு மாதிரி அந்தத் துளையில் ஒட்டிக்கொள்ளும். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும்.

வேலையை வெட்டவெளியில் வையுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை அடைக்கும் திருகை (பெட்ரோல் காக்) மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை வடித்துவிட்டுக் கழட்டுங்கள். கிண்ணத்து ஸ்க்ரூ தலை லேசில் வழுக்கும், சரியான டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எடுக்குமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அதே கணக்கு. இறுக்கிவிட்டால் அதன் முனை கெட்டுவிடும்.

கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை, அதன் ஊசி, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். வேகமாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில், குழிக்குள் இறங்கியிருப்பதுதான் ஸ்லோ ஜெட். கழட்டி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். பொட்டு வெளிச்சம் தெரியாவிட்டால் அடைப்பு.

இங்கேதான் பொறுமை வேண்டும். பத்தொன்பது வயதில் நான் ஒரு பால்காரரின் வண்டி ஜெட்டைக் கிளட்ச் கேபிளின் இரும்பு இழையால் குத்தினேன். வண்டி உடனே கிளம்பியது, எனக்குப் பெருமை. பத்தே நாளில் மைலேஜ் போச்சு, பிளக் கரி பிடித்தது என்று வந்து நின்றார். பித்தளைத் துளையை நான் பெரிதாக்கியிருந்தேன். புது ஜெட் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யக் கூடாது. குண்டூசியும் வேண்டாம். ஸ்ப்ரேயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, பிரஷ்ஷின் நைலான் முடியை மட்டும் துளைக்குள் விடுங்கள். பிறகு ஜெட்டையும் கார்புரேட்டர் பாடியையும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், கம்ப்ரஸரில் ஒவ்வொரு வழியிலும் காற்று அடித்து வாங்குங்கள். அடிக்கும்போது கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கிண்ணத்து ஓ-ரிங் உப்பியிருந்தால் புதிது போடுங்கள். மாட்டிய பிறகு பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆனால் மிதவை ஊசியில் தூசி. அப்போதும் சோக் கேட்டால், இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வெடிப்பு வழியாகக் காற்று இழுக்கிறதா பாருங்கள்.

டேங்கிலிருக்கும் பழைய பெட்ரோலையும் மாற்ற வேண்டும். வடித்ததைக் கன்னடியன் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள் தம்பி, அது வயலுக்குப் போகிற தண்ணீர். மூடியுள்ள கேனில் பிடித்து ஏதாவது பட்டறையில் கொடுங்கள், பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்கள்.