காணிக்கை மொய் அல்ல

கேள்வி: சோமனூரில் பன்னிரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். சபைக்குத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்க மனம் இருக்கிறது, கைதான் வரவில்லை. மகளின் காலேஜ் பீஸ், கரண்ட் பில் எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கின்றன. 'விசுவாசித்துக் கொடுங்கள், நூறு மடங்காகத் திரும்பும்' என்கிறார் போதகர். என் பயம் அவிசுவாசமா?

பதில்: பயம் அவிசுவாசம் இல்லைங்க. அந்த நூறு மடங்குதான் எனக்கு இடிக்கிறது. மாதாமாதம் பணம் வரும் என்ற பேச்சை நம்பி ஈமு கோழியில் போட்டுவிட்டு, 2012-இல் பெருந்துறைப் பக்கம் தலையில் துண்டு போட்டவர்கள் எத்தனை பேர்! நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

'நூறத்தனையாக' என்ற வசனம் மாற்கு 10:30-இல் இருக்கிறது. அதற்கு முந்தைய சொல் 'துன்பங்களோடேகூட'. காணிக்கைப் பை சுற்றிவரும் நேரத்தில் அது மட்டும் எப்படியோ தொண்டைக்குள் போய்விடுகிறது.

நம் ஊர் மொய்யில் நோட்டுப் போட்டு எழுதுகிறோம். அவர் செய்ததை நாளைக்கு நாம் திருப்பிச் செய்கிறோம். உறவுக்குள் நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். கர்த்தரிடமும் அந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறோமே, அதுதான் கோளாறு. பணத்தை விடுவதைவிட அந்த நோட்டை விடுவது கஷ்டம்.

எங்கள் அம்மாயி தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, அடுப்பு மேடையில் இருந்த பழைய பால் டப்பாவில் போடும். அரிசி தட்டுப்பட்ட நாளில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவோடு வரும். அது யார் வீட்டில் சோறானது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

பீஸுக்குச் சேர்த்து வைப்பது பாவமா என்றால், இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் கொடுத்த அப்பம்தான் மன்னா. மறுநாளைக்கு ஒளித்து வைத்த மன்னா புழுத்தது நிஜம்தான். ஆனால் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதும் அதே தேவன்தான் (யாத்திராகமம் 16). மகள் படிப்பு அந்த ஆறாம் நாள் கணக்கு. அதற்கு மேலே, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இறுக்கிப் பிடித்திருப்பது எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்று என்னைக் கேட்காதீர்கள். விசனமாயும் வேண்டாம், கட்டாயமாயும் வேண்டாம், மனதில் நியமித்தபடி கொடு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிவிட்டார் (இரண்டாம் நிருபம், 9:7). போதகரிடமும் இதைக் காட்டலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. தறி ஓட்டுகிறவருக்குப் போன வாரக் கூலி பாக்கி இருக்கிறதா? பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். அப்புறம் நூறோ ஆயிரமோ, இந்த ஞாயிறே பையில் போடுங்கள். கவர் மேல் பேர் மட்டும் எழுத வேண்டாம்.