பைன்டாப் பெர்க்கின்ஸ் கிட்டாரை விட்டு பியானோவுக்கு வந்தது ஏன்? அதன்பின் என்ன ஆனார்?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கத்திக்குத்து.

பெர்க்கின்ஸ், கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் இசையில் பெயர்பெற்ற கலைஞர்; 1913-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள பெல்சோனியில் பிறந்தவர். முதலில் கிட்டார்தான் அவருடைய முக்கிய வாத்தியம். 1940-களில் ஆர்கன்சா மாநிலத்து ஹெலினாவில் ஒரு நடனப் பெண்ணோடு நடந்த தகராறில் இடது கையின் தசைநாண்கள் அறுபட்டன. கிட்டார் வாசிக்கிறவருக்கு இடது கைதான் தந்தியை அழுத்திப் பிடிக்கும் கை, அது போனால் எல்லாம் போனமாதிரிதான். ஆனால் அவர் பியானோவும் வாசிப்பார், அதையே முழுநேரமாக எடுத்துக்கொண்டார். அப்புறம் ஹார்மோனிகாக் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனோடு ஹெலினா வானொலியில் வாசித்தார், பின்னாளில் பிரபல இசைக்கலைஞரான, அப்போது சிறுவனாக இருந்த ஐக் டர்னருக்குப் பியானோ கற்றுக்கொடுத்தார்.

1969-இல் பியானோக்காரர் ஓடிஸ் ஸ்பான் விலகியதும், புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் அந்த இடத்துக்கு வந்தார். மின்கிட்டாரும் டிரம்ஸும் ஹார்மோனிகாவும் முழங்கும் இசைக்குழுவில் பியானோக்காரர் எங்கே வாசிக்கிறார் என்பதைவிட எங்கே கையை எடுக்கிறார் என்பதுதான் முக்கியம். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் அந்தச் சின்ன இடைவெளியில், பெர்க்கின்ஸ் வலது கையால் மேல்ஸ்தாயியில் நாலைந்து சுரங்களை உருட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இதைக் கேட்டுப் பழகிவிட்டால் அவர் இல்லாத பாட்டு வெறுமையாகத் தெரியும், எனக்கு அப்படித்தான்.

1980-இல் சக வாத்தியக்காரர்களோடு சேர்ந்து மடி வாட்டர்ஸ் குழுவிலிருந்து வெளியேறி லெஜண்டரி புளூஸ் பேண்ட் என்ற குழுவைத் தொடங்கினார். தன் பெயரில் ஆல்பங்களை வரிசையாக வெளியிட ஆரம்பித்தபோது எழுபத்தைந்து வயது ஆகிவிட்டது! 2011 பிப்ரவரியில், 97 வயதில், மடி வாட்டர்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த வில்லி ஸ்மித்தோடு சேர்ந்து செய்த ஆல்பத்துக்கு கிராமி வாங்கினார். அடுத்த மாதமே டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் காலமானார்.