கொடையில் அழுதால் தப்பா?

கேள்வி: போன வருஷம் கணவர் தவறிவிட்டார். சாப்பாடும் தூக்கமும் போனது. மருத்துவர் தந்த மாத்திரை சாப்பிடுகிறேன். மாமி இசக்கியம்மன் கோயில் கொடை விழாவுக்குக் கூட்டிப்போனார். சாமியாடும் கோமரத்தாடி முன்னால் வாய்விட்டு அழுதேன், மனசு லேசானது. இது மூடநம்பிக்கையா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தங்கச்சி. டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊர்க் கொடையைத் தவறவிடவும் மாட்டேன். வில்லுப்பாட்டில் இசக்கி கொலையாகும் கட்டம் வந்ததும் உடுக்கையும் குடமும் வேகம் பிடிக்கும், கோமரத்தாடிக்கு அருள் வரும். கமுகம்பூவை மஞ்சள் தண்ணீரில் முக்கித் தன் மேலேயே அடித்துக்கொள்வார். நம் பக்கத்து இசக்கிகளில் பலர் அநியாயமாகச் செத்த பெண்கள்தானே! அவள் கதைக்கு ஊரே கண்கலங்கும்போது உங்களை மட்டும் யார் 'போதும், அழாதே' என்று அடக்கப்போகிறார்கள்? துக்க வீட்டிலோ பதினாறாம் நாளோடு ஆள் குறைந்துவிடும். லேசானது உண்மைதான். அடுத்த கொடைக்கும் போங்கள்.

'தோஷம் கழிக்க இவ்வளவு ஆகும்' என்று யாராவது பயமுறுத்தினால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால், நடுராத்திரியானாலும் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.