விண்டோஸ் 11 போடலாமா, வேண்டாமா?

கேள்வி: 2017-ல் வாங்கிய கணினி. இன்டெல் ஐ5-7400, 8 ஜிபி ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்கு மாற முடியாது என்று திரையிலேயே வருகிறது. கடைக்காரர் ‘அதெல்லாம் போட்டுத் தரலாம்’ என்கிறார், மகள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மகள் பேச்சை, ஆனால் அவசரப்படாமல்.

7400-ல் முதலில் இருக்கும் 7 தான் தலைமுறை எண். விண்டோஸ் 11 கேட்பது, விரல் விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் 8-ம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தாலும் இந்தத் தடை போகாது. கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ரூஃபஸ் மாதிரி மென்பொருளை வைத்து அந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டுவிடுவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தர மைக்ரோசாஃப்ட் கடமைப்பட்டதில்லை, வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் பெரும்பாலும் தானாக வராது, ஒவ்வொரு முறையும் அவரிடமே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். போதாததற்கு கிராக் செய்த காப்பியைப் போட்டுவிட்டால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல லைசென்ஸும் வீண்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசில்லை. இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு பென் டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றி (அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்) அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள். எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது பென் டிரைவின் வேகம், மின்ட்டின் குற்றமில்லை. வைஃபை கிடைக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, தமிழ்99-ல் தட்டச்சு வருகிறதா என்று பாருங்கள். பிரவுசர், வீடியோ, கடிதம் என்ற அளவில்தான் வேலை என்றால் மாறிவிடலாம். வீட்டில் யாராவது டாலியில் கணக்கு எழுதுபவராக இருந்தால் வேண்டாம், அது லினக்ஸில் நேராக ஓடாது.

எதைப் போட்டாலும் அந்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். ‘கணினி ஸ்லோ’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை அதோடு தீர்ந்துவிடும், கடைக்காரருக்கும் ஏதோ வியாபாரம் ஆனது போலிருக்கும்.