யூனிட்டேரியன் மிஷன்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், யூனிட்டேரியன்கள் என்றால் யார்? அவர்களும் மிஷனரிகளை அனுப்பினார்களா?

ப: தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் இல்லை என்று சொன்ன கிறிஸ்தவர்கள். அனுப்பினார்கள், ஆனால் அரை மனதோடு. எல்லா மதத்திலும் உண்மை இருக்கிறது என்று நினைப்பவர் யாரைப் போய் மதம் மாற்றுவார்? 1887இல் ஜப்பானுக்குப் போன ஆர்தர் மே நாப், தான் மிஷனரி இல்லை, தூதர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

கே: கல்கத்தாவில் ஒரு பாதிரியாரே கட்சி மாறினாராமே?

ப: வில்லியம் ஆடம். பாப்டிஸ்ட் மிஷனரி. ராம்மோகன் ராயோடு உட்கார்ந்து நற்செய்தி நூல்களை வங்காளத்தில் பெயர்த்தபோது, யோவான் முதல் அதிகாரத்தில், மூன்றாம் வசனத்தில் மாட்டிக்கொண்டார். 'தியா' என்று ஒரு குட்டி கிரேக்கச் சொல். எல்லாம் 'அவரால்', அதாவது இயேசுவால், உண்டாயிற்றா, 'அவர் மூலமாய்' உண்டாயிற்றா? 'அவரால்' என்றால் படைத்தவரே அவர். 'மூலமாய்' என்றால் படைத்தவர் வேறொருவர். (நம் தமிழ் பைபிளில் 'மூலமாய்' என்றுதான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.) வாதம் முற்றி, 1821இல் ஆடம் திரித்துவத்தையே விட்டுவிட்டார். 'விழுந்துபோன இரண்டாம் ஆதாம்' என்று மற்றவர்கள் கிண்டலடித்தார்கள். பைபிளின் ஆதாமும் ஆங்கிலத்தில் 'ஆடம்'தானே. பெயர் அப்படி வாய்த்துவிட்டது, பாவம்!

கே: நம்ம சென்னையில் யாரும் இல்லையா அண்ணே?

ப: இல்லாமலா? வில்லியம் ராபர்ட்ஸ். பிறந்தபோது வைத்த பெயர் திருவேங்கடம். வேலைக்காரராக இங்கிலாந்து போன இடத்தில் யூனிட்டேரியன் புத்தகங்களைப் படித்துவிட்டுத் திரும்பியவர். 1813இல் புரசைவாக்கத்தில் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். அவரை யாரும் அனுப்பவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த ஆள் இவர்தான்.

கே: அமெரிக்காவிலிருந்து யாரும் வரவில்லையா?

ப: சார்லஸ் டால், 1855இல் கல்கத்தா வந்தார். மனைவி அமெரிக்காவிலேயே இருந்துவிட்டார். பள்ளிக்கூடம், அச்சடித்த பிரசுரம், ராம்மோகன் ராய் தொடங்கிய பிரம்ம சமாஜத்து நண்பர்கள் என்று 1886இல் சாகும்வரை இங்கேயே ஓட்டினார்.

கே: இவ்வளவு பாடுபட்டு என்ன மிஞ்சியது?

ப: மேகாலயா. வேல்ஸ் நாட்டு மிஷனரிகளின் வெல்ஷ் மிஷனில் சேர்ந்திருந்த, அங்கே வாழும் காசி பழங்குடி இளைஞர் ஹாஜோம் கிஸ்ஸோர் சிங்குக்கு அந்தப் போதனை ஒட்டவில்லை. டாலைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கடிதம் போட்டார். பதிலோடு அமெரிக்க யூனிட்டேரியன் போதகர் சானிங்கின் எழுத்துகளும் வந்தன. டால் இறந்த மறு வருடம், 1887 செப்டம்பர் 18 அன்று, ஜோவாயில் சிங்கே வழிபாட்டைத் தொடங்கிவிட்டார், காசி மொழியில். அந்தச் சபை இன்றும் இருக்கிறது. செப்டம்பர் 18தான் அவர்களுக்கு ஆண்டு விழா.