டி32 மாணவர்களின் கடிதங்கள்: கேள்வி-பதில்

இம்முறை எல்லாமே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்ஐஎச்) பல்கலைக்கழகத் துறைகளுக்குத் தரும் டி32 பயிற்சி மானியத்தில் உயிரியல் பிஎச்டி செய்பவர்களும் அவர்களது பெற்றோரும் கேட்டவை. முதலில் ஒரு வேண்டுகோள்: உங்கள் நியமனப் படிவத்தை (படிவம் 2271) ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள். தேதியும் தொகையும் அதிலேயே இருக்கின்றன. அவற்றைக் கடிதத்தில் குறிப்பிடாமல் "எனக்கு எவ்வளவு வரும்?" என்றால் நான் எப்படிச் சொல்வது?

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். என் துறைக்கு டி32 உண்டு. எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. நியமன நாளன்று அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கையில் இருக்க வேண்டும். க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது கணக்கில் வராது. ஆனால் பேராசிரியரின் ஆய்வு மானியமான ஆர்01-இல் ஆய்வு உதவியாளராக (ஆர்ஏ) இருக்க உங்களுக்குத் தடையில்லை. ஸ்டைபண்ட் (உதவித்தொகை) இல்லாமல் டி32 வகுப்புகளிலும் கூட்டங்களிலும் சேர்த்துக்கொள்ளும் துறைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

மகள் டி32-இல் சேரப்போகிறாள். பிற்பாடு அரசுக்கு வேலை பார்த்துப் பணத்தைக் கழிக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பிஎச்டி மாணவர்களுக்கு அந்தக் கடன் 1993-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. உறவினர் சொல்வது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சியான போஸ்ட்டாக்கின் கதை. போஸ்ட்டாக்கில் முதல் 12 மாத உதவிக்கு மட்டும் ஈடு செய்ய வேண்டும். அதையும் 13-வது மாதம் முதல் அதே பயிற்சியில் தொடர்ந்தாலே மாதத்துக்கு மாதம் கழித்துவிடலாம். நிம்மதியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

செமஸ்டர் முடிந்து டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்குப் போகலாமா?

படிவத்தில் கையெழுத்துப் போட்டது வருடம் முழுவதற்கும். செமஸ்டர்களுக்கு இடைப்பட்ட நாட்கள் பயிற்சி நாட்களே, விடுமுறை அல்ல. உங்கள் பல்கலைக்கழகத்தில் இதே நிலையில் உள்ள மற்ற மாணவர்களுக்கு எத்தனை நாள் விடுப்பு உண்டோ, அத்தனை நாள்தான் உங்களுக்கும். இது தவிர நோய் விடுப்பு ஆண்டுக்கு 15 நாள். குழந்தை பிறந்தாலோ தத்தெடுத்தாலோ தாய், தந்தை இருவருக்குமே 60 நாள் வரை ஸ்டைபண்டோடு விடுப்பு உண்டு. இவை காலண்டர் நாட்கள், சனி ஞாயிறும் சேர்த்தி. பேராசிரியர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது. திட்ட இயக்குநரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

ஸ்டைபண்டில் வரி பிடிக்கவே இல்லை. அப்படியானால் வரி கிடையாதுதானே?

உண்டு. ட்யூஷனுக்கும் கட்டாயக் கட்டணங்களுக்கும் போகும் பணத்துக்குத்தான் வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் ஸ்டைபண்ட் வரிக்குட்பட்டது. படிவம் எதுவும் வீட்டுக்கு வரவில்லை என்பதற்காக வரி இல்லை என்றாகிவிடாது. அடிப்படை ஸ்டைபண்ட் 2025 நிதியாண்டில் 28 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல், பல பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலும் சேர்த்துத் தருகின்றன. ஆண்டு முடிவில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வரி நிற்கும் என்றால் படிவம் 1040-இஎஸ் வழியாக ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளை ஒட்டித் தவணையாகக் கட்டுங்கள். கணவனோ மனைவியோ சம்பள வேலையில் இருந்தால், அவர் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது இன்னும் சுலபம். ஸ்டைபண்ட் வந்த அன்றே ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். ஏப்ரலில் மொத்தமாகத் திரட்டப் போனால் மூச்சு முட்டும்.

ட்யூஷன் முழுவதையும் மானியம் கட்டுமா?

60 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 16 ஆயிரம் டாலர் வரைதான். மீதியைப் பெரும்பாலும் துறை ஏற்கும். யார் ஏற்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. ஆய்வுச் செலவெல்லாம் பேராசிரியரின் ஆர்01. டி32 என் ஸ்டைபண்டை மட்டும்தான் தந்தது. நன்றியுரையில் டி32-ஐயும் போடணுமா?

போட்டே ஆக வேண்டும். இந்த "மட்டும்தான்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. செல் வளர்த்ததும் ஜெல் ஓட்டியதும் நீங்கள். அந்த மாதங்களில் உங்களுக்குச் சோறு போட்டது டி32. அப்படியிருக்க அந்த ஆய்வுக்கு டி32 பணம் தரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆர்01 எண்ணும் இருக்கட்டும், டி32 எண்ணும் இருக்கட்டும்.

"என்ஐஎச் பயிற்சி மானியத்துக்கு நன்றி" என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை, எண் வேண்டும். டி32, அடுத்து மானியம் தரும் என்ஐஎச் நிறுவனத்தின் ஈரெழுத்து (பொது மருத்துவ அறிவியல் நிறுவனமானால் ஜிஎம்), அடுத்து ஆறு இலக்கம். முன்னால் வரும் ஒற்றை இலக்கமும் பின்னால் கோடு போட்டு வரும் ஆண்டு எண்ணும் வேண்டாம். இலக்கங்களை மனப்பாடத்திலிருந்து எழுதாதீர்கள், படிவம் 2271-ஐப் பார்த்து எழுதுங்கள். ஒரு இலக்கம் மாறினால் உங்கள் கட்டுரை வேறு யாரோ ஒருவரின் மானியத்தில் போய் உட்காரும். சமர்ப்பிக்கும்போது இதழ் கேட்கும் நிதி விவரக் கட்டத்திலும் அதே எண்ணை நிரப்புங்கள். கருத்துகள் ஆசிரியர்களுடையவை, என்ஐஎச்சின் அதிகாரபூர்வக் கருத்து அல்ல என்ற வரியையும் சேருங்கள்.

அத்தோடு வேலை முடியவில்லை. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளின் ஏற்கப்பட்ட பிரதி, இதழில் வெளியாகும் நாளிலேயே என்ஐஎச்சின் இணையக் கட்டுரைக் காப்பகமான பப்மெட் சென்ட்ரலில் (பிஎம்சி) இலவசமாகக் கிடைக்க வேண்டும். பழைய 12 மாத அவகாசம் இப்போது இல்லை. பலர் சிக்குவது இங்கேதான்: பிரதியை ஏற்றியதும் வரும் முதல் ஒப்புதலைக் கொடுத்துவிடுகிறார்கள். சில நாள் கழித்து, இணைய வடிவத்தைச் சரிபார்த்து இரண்டாவது ஒப்புதல் தரச் சொல்லி மின்னஞ்சல் வரும். அதைத் திறப்பதே இல்லை. கட்டுரை பாதி வழியில் நிற்கும், பிஎம்சி எண் பிறக்காது. பிஎம்ஐடி (பப்மெட் பட்டியல் எண்) வேறு, முழுக் கட்டுரை காப்பகத்தில் ஏறியதைக் காட்டும் பிஎம்சி எண் வேறு. முன்னதைக் காட்டி "என் கட்டுரை ஏறிவிட்டதே" என்று எனக்கு எழுத வேண்டாம். பிஎம்சி எண் இல்லாத ஒரு கட்டுரை போதும், அடுத்த ஆண்டுப் பணம் தாமதமாவதற்கு. பாதிக்கப்படுவது உங்களுக்குப் பின்னால் சேர்ந்த இளையவர்கள்.

டி32-ஐ விட்டு வந்த பிறகு தொடங்கிய ஆய்வுக்கு அந்த எண்ணைப் போடாதீர்கள். அதுவும் தவறு.

ஆய்வு நெறி பயிற்சிக்கு ஆன்லைன் சான்றிதழ் வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. ஆசிரியர்களோடு நேரடியாகக் கலந்துரையாடி குறைந்தது 8 மணி நேரம் இருந்திருக்க வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்ய வேண்டும். தனியாக உட்கார்ந்து பொத்தானை அழுத்தி வாங்கிய சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

பேராசிரியர் தன் ஆர்01-இலிருந்து மாதம் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

என்ன வேலைக்கு? அதைச் சொல்லவே இல்லையே! உங்கள் ஆய்வேட்டு வேலைக்கே என்றால் கூடாது. ஸ்டைபண்டைக் கூட்டித் தருவதானால் கூட்டரசுப் பணம் அல்லாத நிதியிலிருந்து தர வேண்டும். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத பகுதிநேர வேலை, உதாரணமாக லேப் வகுப்பு எடுப்பது, பயிற்சி நேரத்தைத் தின்னாத வரை சரி. எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில்.

என் பெயரிலேயே வரும் என்ஐஎச் மாணவர் உதவித்தொகையான எஃப்31 கிடைத்துவிட்டது. டி32 என்னாகும்?

வாழ்த்துகள். இரண்டையும் ஒருசேர வைத்திருக்க முடியாது. எஃப்31 தொடங்குவதற்கு முன் டி32 நியமனத்தை முடிக்க வேண்டும், முடிந்த 30 நாளுக்குள் முடிவு அறிவிப்புப் படிவம் (416-7) போய்ச் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்து பிஎச்டிக்கு உச்சவரம்பு 5 ஆண்டு, எம்டி-பிஎச்டிக்கு 6. இரண்டு தேதிகள் ஒரு நாள் மோதினாலும் கணக்கில் சிக்கல் வரும்.

பட்டம் வாங்கி ஆறு வருடமாகிறது. இன்னும் என் வேலை விவரம் கேட்டு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். மானியம் புதுப்பிக்கப் போகும்போது 15 ஆண்டு வரையிலான பழைய மாணவர்களின் நிலையைக் காட்ட வேண்டியிருக்கிறது. பதவியின் பெயர், நிறுவனத்தின் பெயர், சேர்ந்த வருடம், மூன்று வரிதான். இன்றைக்கே பதில் போடுங்கள்.